மஞ்சள் சீட்டும் இளஞ்சிவப்புச் சீட்டும்



2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களில் ஓட்டுப் போடப் போனவர் கையில் நான்கு சீட்டுகள் கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு. ஒன்றிய வார்டுக்குப் பச்சை. மாவட்ட ஊராட்சி வார்டுக்கு மஞ்சள். மிஷின் கிடையாது, முத்திரையும் மையும்தான். குத்திய மை மறுபக்கம் ஒட்டிவிடுமோ என்று எங்கள் காலனிப் பெண்கள் ஒவ்வொரு சீட்டையும் ஊதி ஊதி மடித்தார்கள்.

12ஆம் தேதி எண்ணினார்கள். மறுநாள் பத்திரிகைகளில் மஞ்சள் சீட்டைத் தவிர வேறெதுவும் இல்லை. தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களிலும் மாவட்ட ஊராட்சி தி.மு.க. கூட்டணிக்கு. அ.தி.மு.க. இருந்த இடம் தெரியவில்லை. உள்ளாட்சியிலும் ஆட்சி மாற்றம் என்று கொட்டை எழுத்து. எங்கள் பக்கத்திலும் வெடி வெடித்தார்கள், கொடி கட்டிய வேன் இரண்டு தடவை காலனிக்குள்ளும் வந்து போனது. தோற்றவர்களுக்காக நான் வருத்தப்படவில்லை, அவர்கள் தோற்க வேண்டியவர்கள்தான். ஆனால் சேரிக்கு ஆட்சி மாறுகிற இடம் மஞ்சள் சீட்டு அல்ல. இளஞ்சிவப்புச் சீட்டு. அதைப் பற்றி எந்தப் பெரிய பத்திரிகையும் தலையங்கம் எழுதியதாக நான் பார்க்கவில்லை. ஆகவே நம் பத்திரிகை எழுத வேண்டியிருக்கிறது.

மஞ்சள் சீட்டு என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். வெள்ளைக்காரன் காலத்தில் செங்கல்பட்டு ஜில்லா போர்டு என்று ஒன்று இருந்தது. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அதன் கையில். மிட்டாதாரும் மிராசுதாரும் உட்கார்ந்த இடம். நம்மவர்களில் ஒருவர் இருவரை நியமனம் செய்து ஓரத்தில் உட்கார வைப்பார்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டங்களோடு ஜில்லா போர்டு ஒழிந்தது. அரசியல் சட்டத்தின் 73ஆம் திருத்தத்துக்குப் பிறகு 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. அது 'மாவட்ட ஊராட்சி' என்ற பெயரில் ஜில்லா போர்டைத் திரும்பக் கொண்டு வந்தது. கொண்டு வந்ததே தவிர உயிர் கொடுக்கவில்லை. மாவட்ட ஊராட்சிக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. மேலிருந்து வருகிற மானியத்தில் ஒற்றை இலக்கச் சதவீதம்தான் அதற்கு. தலைவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் கூடி எடுக்கிறார்கள். செங்கல்பட்டில் அப்படி 16 கவுன்சிலர்கள். அவர்கள் கூடித் தீர்மானம் போடுவார்கள், பரிந்துரை செய்வார்கள். கலெக்டர் கையில் இருக்கிற ஃபைலுக்கு அருகில் அந்தத் தீர்மானம் போய்ச் சேர்வதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும்.

இன்னொன்று. மஞ்சள் சீட்டிலும் பச்சைச் சீட்டிலும் கட்சிச் சின்னம் உண்டு. இளஞ்சிவப்பில் கிடையாது, பூட்டு சாவி, ஆட்டோ ரிக்ஷா என்று ஏதாவது தருவார்கள். ஆகவே கட்சிகள் எண்ணிக் காட்டக்கூடியது மஞ்சளையும் பச்சையையும்தான். அந்த எண்ணிக்கைக்கும் உள்ளூர் நிலவரத்துக்கும் எவ்வளவு சம்பந்தம்? 1996 மே மாதம் கோட்டையில் தி.மு.க. வந்தது, அக்டோபரில் உள்ளாட்சியும் அதற்கே. 2001 மே மாதம் அ.தி.மு.க. வந்தது, அக்டோபரில் பெரும்பாலும் அதற்கே. 2006 அப்படியே. 2011 அப்படியே, பத்து மாநகராட்சியும் அ.தி.மு.க. வாரிக்கொண்டது. 2021 அப்படியே. அய்ந்து தடவை கோட்டையில் மே மாதம் மாறியது அக்டோபரில் ஒன்றியத்திலும் மாவட்டத்திலும் மாறியிருக்கிறது. மழை பெய்தால் ஏரி நிரம்புகிற மாதிரி. தண்ணி, ரோடு, லைட்டு வேண்டுமென்றால் ஆளுங்கட்சிக்காரன் தயவு வேண்டும் என்று ஜனங்களுக்குத் தெரியும், அதன்படி குத்துகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. ஆட்சியின் நடுக்காலத்தில் வந்த தேர்தல் ஒன்றே ஒன்று, 2019 டிசம்பர் 27, 30இல் 27 மாவட்டங்களில் நடந்தது. அதில்தான் கோட்டையில் இருந்த அ.தி.மு.க.வை எதிர்க்கட்சியான தி.மு.க. சற்று முந்தியது. தேர்தல் அதற்குரிய வேளையில் நடந்தால் உள்ளாட்சி தானாக ஒரு தீர்ப்புச் சொல்லும் என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி அது. அந்தச் சாட்சியில் செங்கல்பட்டு இல்லை. ஏன் இல்லை என்பது தனிக்கதை.

2011 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2016 அக்டோபரோடு முடிந்தது. அதே மாதம் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவித்தார்கள். மனுத்தாக்கலும் நடந்தது. தி.மு.க. வழக்குப் போட்டது. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்பது வழக்கு. அக்டோபர் 4ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பையே ரத்து செய்தது. குறையைத் திருத்தி நடத்துங்கள் என்றது. அ.தி.மு.க. அரசு திருத்திக்கொண்டே இருந்தது, மூன்று வருஷம்! தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது. பழங்குடி மக்களின் பெயரைச் சொல்லித் தொடங்கிய வழக்கில் பழங்குடிக்கும் கிடைக்கவில்லை, நமக்கும் கிடைக்கவில்லை. வழக்குப் போட்டவர்களுக்கும் அவசரமில்லை, நடத்த வேண்டியவர்களுக்கும் அவசரமில்லை. பிறகு 2019 நவம்பர் 29இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டைப் பிரித்துத் தனி மாவட்டமாக்கினார்கள். பிரித்த மாவட்டங்களில் வார்டு எல்லையைச் சரி செய்யாமல் தேர்தல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால் ஒன்பது மாவட்டங்கள் மறுபடியும் நின்றன. ஆக, தாம்பரத்தைச் சுற்றியுள்ள கிராமங்கள் 2011க்குப் பிறகு ஊராட்சித் தேர்தலைப் பார்த்தது 2021இல். நடுவில் வர்தா புயல் போனது, 2019 தண்ணீர்ப் பஞ்சம் போனது, கொரோனா வந்தது. அந்தக் கோடையில் எங்கள் தெருவுக்கு லாரி வந்ததா வரவில்லையா என்று கேட்க ஒரு பிரசிடெண்ட் இல்லை. பி.டி.ஓ. ஆபீஸில் ஒரு நோட்டு இருந்தது, அதில் எழுதிவிட்டு வரலாம்.

இந்தப் பத்தாண்டு யாருக்கு எப்படிப் பட்டது என்று பெரும்பாக்கத்தில் போய்க் கேட்க வேண்டும். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள். அடையாற்றங்கரை, கூவங்கரை என்று சென்னைக்குள்ளே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களை, 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் வேகமாக, லாரியில் ஏற்றிக் கொண்டு வந்து இறக்கிய இடம். பெரும்பகுதி நம்மவர்கள். சென்னை மாநகராட்சியில் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரே ராத்திரியில் புனித தோமையார்மலை ஒன்றியத்தில் ஒரு கிராம ஊராட்சியின் குடிமக்களாகிவிட்டார்கள். நகரத்தைக் கழுவிச் சுத்தம் செய்தவர்களுக்கு நகரத்தில் ஓட்டு இல்லை. கிராமத்திலாவது உண்டா என்றால் தேர்தலே நடக்கவில்லை. 2016இல் வந்து இறங்கிய குடும்பம் தன் உள்ளாட்சிக்கு முதல் ஓட்டைப் போட அய்ந்து வருஷம் காத்திருந்தது. வீடு குடிசை மாற்று வாரியத்துடையது (2021இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது, லிஃப்ட் மாறவில்லை). அதற்கு வெளியே தெருவும் விளக்கும் யாருடையது என்பதில் ஆளுக்கொரு பதில். அங்கிருந்து மயிலாப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போய் வருகிற ஒரு அக்கா சொன்னது எனக்கு மறக்கவில்லை. "அங்க இருந்தப்ப கவுன்சிலர் வூட்டு வாசல்ல போய்க் கத்துவேன் தம்பி. திட்டுவான், ஆனா கதவத் தொறப்பான். இங்க எந்த வாசல்ல போய்க் கத்துறதுன்னே தெரியல." உள்ளாட்சி என்றால் என்ன என்று புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். போய்க் கத்துவதற்கு ஒரு வாசல் என்பதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

இனி இளஞ்சிவப்புச் சீட்டு.

கிராம ஊராட்சியை நாம் கொண்டாட வேண்டியதில்லை. அண்ணல் அம்பேத்கர் 1932 அக்டோபரிலேயே பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதாவை எதிர்த்தவர். ஒடுக்கப்பட்டோருக்குத் தனி இடம் இல்லாமல் பஞ்சாயத்து கொடுத்தால் அது ஊர்க்காரர்களின் கையில் இன்னொரு சாட்டை என்று அவருக்குத் தெரியும். 1948இல் அரசியல் நிர்ணய சபையிலும் கிராமத்தைப் பற்றி அவர் பேசியது காந்தியவாதிகளுக்குக் கசந்தது. அவர் கேட்ட தனி இடம் ஊராட்சித் தலைவர் நாற்காலிவரை வந்து சேர 1996 ஆக வேண்டியிருந்தது. வந்ததும் என்ன நடந்தது? மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு அய்ந்து பேரும் 1997 ஜூன் 30ஆம் தேதி ஓடும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தண்டனை பெற்ற 17 பேரில் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் நான்கிலும் பத்து வருஷம் தலித் தலைவரை உட்கார விடவில்லை. ஆளே மனு போட விடமாட்டார்கள், அல்லது தங்கள் பண்ணையாளையே நிறுத்தி, ஜெயிக்க வைத்து, மறுநாளே ராஜினாமா கடிதம் வாங்கிக்கொள்வார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்தது.

அதெல்லாம் தெற்கத்திக் கதை, வடக்கே அப்படியில்லை என்று தாம்பரத்தில் டீக்கடையில் பேசுகிறவர்கள் உண்டு. திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் தெற்கிலா இருக்கிறது? சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் போய்விடலாம். அங்கே 2020 ஆகஸ்ட் 15 அன்று தலித் பெண் தலைவர் கொடியேற்ற முடியவில்லை, சில நாள் கழித்துக் கலெக்டர் வந்து ஏற்ற வைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவர் தரையில் உட்கார்ந்திருந்த போட்டோவை நாடே பார்த்தது. 2022இல் சுதந்திர தினத்துக்கு முன்னால் தலித் தலைவர்களைக் கொடியேற்ற விடுங்கள் என்று தலைமைச் செயலாளர் எல்லாக் கலெக்டருக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நம் ஒன்பது மாவட்டத் தேர்தலையே எடுங்கள். ஆம்பூர் பக்கம் மலைமேல் இருக்கிற நாயக்கனேரி ஊராட்சி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. மனு போட்டவர் ஒரே ஒருவர். போட்டியின்றித் தேர்வு. எதிர்ப்பு, வழக்கு, தடை என்று பதவியேற்பு மட்டும் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனது. அங்கே எதிர்த்தவர்கள் மலைவாழ் மக்கள் என்பதை மறைக்கக் கூடாது. ஒதுக்கீட்டுப் பட்டியல் போடுகிறவன் மேஜையிலேயே இரண்டு ஒடுக்கப்பட்ட ஜனங்களை மோதவிட்டுவிட்டுக் கைகழுவுகிறான்.

நாற்காலியும் கொடியும் போட்டோவில் தெரியும். போட்டோவில் தெரியாத ஒன்று என் கவுண்ட்டரில் தெரிந்தது. நான் வங்கிக் குமாஸ்தா. 2014இல் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிளையில் இருந்தேன். தனி ஊராட்சி ஒன்றின் தலைவர், அய்ம்பது வயதிருக்கும், மாதத்தில் இரண்டு தடவை வருவார். கையில் செக். டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம், தெருவிளக்குக்குப் பல்பு, பிளீச்சிங் பவுடர். தொகை எல்லாம் சில ஆயிரங்கள். செக்கில் அவர் கையெழுத்து மட்டும் இருக்கும். 1994 சட்டப்படி ஊராட்சிக் கணக்கில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். எங்களிடம் இருக்கிற மாதிரிக் கையெழுத்து அட்டையிலும் இரண்டு பெயர். இரண்டாவது கையெழுத்து இல்லை என்று ரிட்டர்ன் மெமோ எழுதிக் கொடுப்பேன். தெரிந்தேதான் கொண்டு வருவார். "வைஸு ஊர்த்தெருவுல இருக்கான் சார். திண்ணைக்குக் கீழ நின்னு செக்க நீட்டணும். நீட்டுனேன். நாளைக்கு வான்னான். நாளைக்குப் போனா களத்துமேட்டுக்குப் போயிருக்கான்." அந்த மெமோவை அவர் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்வார். பணம் கேட்டேன், வாங்க முடியவில்லை என்பதற்குத் தன் ஜனங்களிடம் காட்ட அவருக்கு அதுதான் அத்தாட்சி. சட்டப்படி என் மெமோ சரி. சட்டம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம்.

யோசித்துப் பாருங்கள். தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவர் பதவிக்குக் கிடையாது. துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். பெரும்பாலான ஊராட்சியில் பெரும்பாலான வார்டு ஊரில் இருக்கும், ஒன்றோ இரண்டோ சேரியில். ஆக, நாற்காலி நமக்கு, பேனா பாதி அவர்களுக்கு. ஊழல் நடக்காமல் இருக்கத்தான் இரட்டைக் கையெழுத்து என்பார்கள். ஊழலைத் தடுத்த கதை ஒன்று இருந்தால் சொல்லட்டும், கேட்கிறேன். சேரித் தலைவரைத் திண்ணைக்குக் கீழ் நிறுத்திய கதைகளை இந்தப் பத்திரிகையின் வாசகர்களே வண்டி வண்டியாக எழுதி அனுப்புவீர்கள். அதற்கும் மேல் 205ஆம் பிரிவு இருக்கிறது. ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் கலெக்டர் தலைவரைப் பதவி நீக்கம் செய்யலாம். செக் எழுத முடியாத தலைவர் வேலை செய்யவில்லை என்று ஊர் உறுப்பினர்களே புகார் எழுதி அந்தப் பிரிவுக்கு அனுப்பவும் வழி இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இந்தப் பேனாவின் விலை ரொம்ப அதிகம். மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், வேங்கைவாசல், அகரம்தென் என்று நேற்றுவரை நெல் விளைந்த ஊர்கள். இன்றைக்கு பிளாட், அபார்ட்மெண்ட், வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, கட்டட அனுமதி. செங்கல்பட்டுக்காரனுக்கு அதிகாரம் என்றால் நிலம்தான், எப்போதும் அப்படித்தான். பறையர்களுக்கு நிலம் இல்லாததுதான் அவர்கள் அடிமைத்தனத்தின் வேர் என்று 1891இல் இதே செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டுக் காரணையில் போராடியவர்கள்மீது 1994 அக்டோபரில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரையும் பறிகொடுத்தோம். எந்தக் கட்சி மாவட்ட ஊராட்சியைப் பிடித்தது என்பதால் ஒரு சென்ட் பஞ்சமி நிலம் திரும்பி வந்திருந்தால் யாராவது சொல்லுங்கள்.

இளஞ்சிவப்புச் சீட்டையே ஒழித்துவிடுகிற இன்னொரு வேலையும் சத்தமில்லாமல் நடக்கிறது. அதற்கு 'தரம் உயர்த்துதல்' என்று பெயர். 2011இல் சென்னை மாநகராட்சியை விரித்தபோது 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 கிராம ஊராட்சி உள்ளே போயின. நாற்பத்திரண்டு தலைவர் நாற்காலி அன்றோடு காலி. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி வந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று அய்ந்து நகராட்சி. சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், திருநீர்மலை என்று அய்ந்து பேரூராட்சி. பத்துத் தலைவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேயர், 70 கவுன்சிலர். சுழற்சியில் அந்தப் பத்தில் இரண்டு மூன்றாவது நமக்கு வந்திருக்கும். ரோடு அகலமாகும், பாதாளச் சாக்கடை வரும் என்கிறார்கள். வரட்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. சாக்கடை வந்தால் அதில் இறங்கச் சொல்லப்போவதும் நம்மைத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்த ஒரே மேயர் நாற்காலி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு என்று வந்ததை நான் மறைக்கவில்லை. 2022 பிப்ரவரி 19 தேர்தலில் தாம்பரமும் தி.மு.க. வசமானது. மார்ச் 4ஆம் தேதி க. வசந்தகுமாரி முதல் மேயரானார். அப்போது அவருக்கு வயது 25. அதே நாளில் சென்னைக்கு ஆர். பிரியா, 28 வயது, முதல் தலித் பெண் மேயர். நீதிக்கட்சி தொடங்கி இத்தனை ஆண்டு சமூகநீதி பேசிய நகரத்துக்கு இது நடக்க 2022 ஆனது. எங்கள் ஒன்றியத்துக்குப் பெயர் கொடுத்த அந்தப் பரங்கிமலையில் 1883இல் பிறந்தவர் எம்.சி. ராஜா. சட்டமன்றத்துக்குள் நம் சார்பில் முதலில் நுழைந்தவர் அவர். அந்த மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பெண்கள் அங்கி போட்டுக்கொண்டு நின்ற படத்தை நான் கத்தரித்து வைத்திருக்கிறேன். அன்றைக்குக் காலனியில் லட்டு கொடுத்தார்கள், நானும் தின்றேன்.

ஆனால் மாநகராட்சியில் கையெழுத்து யாருடையது? நிர்வாக அதிகாரம் கமிஷனருக்கு. மேயரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவும் இல்லை, கவுன்சிலர்கள் எடுத்தார்கள், கட்சி சொன்னபடி. கட்சி நினைத்தால்தான் மேயர் பேச முடியும். 2025 ஆகஸ்டில் ரிப்பன் கட்டடத்து வாசலில் பார்த்தோம். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்துத் துப்புரவுத் தொழிலாளர்கள் ஆகஸ்ட் 1ஆம் தேதியிலிருந்து நடைபாதையில் உட்கார்ந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். நீதிமன்ற உத்தரவைக் காட்டி 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. உள்ளே மேயர் நாற்காலியில் நம் பெண், வெளியே ரோட்டில் நம் பெண்கள். மேயரைத் திட்டுவது சுலபம், என் நண்பர்கள் சிலர் திட்டவும் செய்தார்கள். நான் கேட்பது வேறு. அந்த நாற்காலிக்கு வாசலைத் திறக்கிற அதிகாரமாவது கொடுக்கப்பட்டிருந்ததா?

கூட்டணிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 மார்ச் 4 அன்று நகராட்சி, பேரூராட்சித் தலைவர் தேர்தலில் கூட்டணிக்கு ஒதுக்கிய இடங்களில் தி.மு.க.வினரே போட்டி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்கும் அதே கதிதான். முதல்வரே வருத்தம் தெரிவித்து, உட்கார்ந்தவர்களை விலகச் சொல்லி அறிக்கை விட்டார். தலைமை ஒப்பந்தம் போட்டு ஒதுக்குகிறது, உள்ளூர்க்காரன் கிழிக்கிறான். உள்ளூரில் சாதிதான் கட்சி. இதை இருபது முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இவ்வளவு ஓட்டு நம்முடையது, இத்தனை மாவட்ட வார்டு கொடு என்று மஞ்சள் சீட்டுக்காகப் பேரம் பேசுகிற நம் தலைவர்கள், இளஞ்சிவப்புச் சீட்டில் கையெழுத்துச் சட்டத்தை மாற்று என்று எந்தக் கூட்டணிப் பேச்சிலாவது நிபந்தனை வைத்தார்களா? வைத்ததாக என் காதுக்கு வரவில்லை.

வைக்க வேண்டும். தனி ஊராட்சிகளில் துணைத்தலைவர் கையெழுத்துக்குப் பதிலாக ஒன்றிய அலுவலர் கையெழுத்து போதும் என்று ஒரு வரித் திருத்தம் செய்தால் எந்தக் கஜானாவும் காலியாகாது. இல்லாவிட்டால் துணைத்தலைவர் பதவியையும் சுழற்சியில் ஒதுக்கு. இரண்டில் ஒன்று. காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தல் என்பது அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கிறது. எழுதி என்ன, 2019இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களிலும் 2025 ஜனவரியில் காலம் முடிந்தது. தேர்தல் இல்லை, தனி அலுவலர் கையில் போனது. அ.தி.மு.க. 2016இல் செய்ததைத் தி.மு.க. 2025இல் செய்தது. ஆட்சி மாறியது, தனி அலுவலர் மாறவில்லை. நமக்கு இதில் இரட்டை நஷ்டம். ஊர்க்காரனுக்குப் பிரசிடெண்ட் இல்லாவிட்டாலும் தாசில்தார் சொந்தக்காரனாக இருப்பான், பி.டி.ஓ. தெரிந்தவனாக இருப்பான். சேரிக்கு அந்த இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்றுதான் சொந்தம்.

செங்கல்பட்டு உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில் பதவியேற்றவர்களுக்கு 2026 அக்டோபர்வரை காலம். அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும் அதற்கு முன்னால் வார்டு எல்லை வரைவு வரும், ஒதுக்கீட்டுப் பட்டியல் வரும். ஒன்றிய அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள், ஆட்சேபணைக்கு நாள் கொடுப்பார்கள், ஒருத்தரும் போகமாட்டோம், நாள் முடிந்துவிடும். பெரும்பாக்கம் அடுக்குமாடிகளை எத்தனை வார்டாக வெட்டுகிறார்கள், காலனித் தெருவை ஊர் வார்டோடு சேர்த்து ஓட்டை இரண்டாகப் பிளக்கிறார்களா, எந்த ஊராட்சி மாநகராட்சிக்குள் போகிறது, அப்படிப் போவதில் தனி ஊராட்சி எத்தனை என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கும். எங்கள் ஒன்றிய அலுவலகம் சிட்லபாக்கத்தில் இருக்கிறது, தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோ தூரம். மனு எழுதத் தெரியாதவர்கள் வாருங்கள், எழுதித் தருகிறேன். ஒரு நாள் லீவு போட்டு நானும் கூட வருகிறேன்.